தந்திச் சாவிகளின் கதை

‘தந்தி’ என்னும் சொல் நம் முன்னோர்க்கு வீணையில் கட்டிய நரம்பையே குறித்தது. கம்பிவழிச் செய்தி நம் நாட்டிற்கு வந்தபின் அதற்கும் அப்பெயரே அமைந்தது. அக்கம்பியைப் பேச வைத்த சிறு பித்தளைக் கருவிதான் மோர்ஸ் சாவி. இன்று அதனைத் தேடிச் சேர்ப்போர் பெரும்பாலும் ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் வானொலி அன்பர்களே. அவர்கள் தேடுவது வெறும் பித்தளையைத்தானா என்று ஆராய்வது நமக்குப் பயன் தரும்.

1844 மே 24 அன்று சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குச் செய்தி விடுத்தார். அக்காலத்துச் சாவியை அமைத்தவர் அவருடைய உதவியாளர் ஆல்பிரட் வெய்ல். அது விரலால் அழுத்தினால் கீழுள்ள முனையைத் தொடும் ஒரு பித்தளைப் பட்டை, அவ்வளவே. பின்வந்தவை யாவும் அதன் திருத்தங்கள். 1881இல் பன்னல் என்பவர் நெம்புகோலையும் அச்சையும் ஒரே எஃகுத் துண்டாகச் செய்தார். அச்சு தளர்ந்து ஆடும் தொல்லை அதனால் ஒழிந்தது.

ஆனால் மனிதக் கையின் தொல்லை ஒழியவில்லை. நாள் முழுதும் மேலும் கீழும் தட்டிய தந்தியாளர்களின் மணிக்கட்டு மரத்துப்போயிற்று. பலர் பிழைப்பையே இழந்தனர். இதற்கு மாற்றாகவே ஹொரேஸ் மார்ட்டின் 1904இல் காப்புரிமை பெற்ற சாவி பிறந்தது. வைப்ரோப்ளெக்ஸ் என்று பெயர் பெற்ற அச்சாவியைப் பக்கவாட்டில் தள்ளினால் ஒரு சுருள்பட்டை அதிர்ந்து புள்ளிகளைத் தானே இடும். கோடுகளை மட்டும் கையால் இடவேண்டும். சேகரிப்போர் அதன் பெயர்த்தகட்டு எண்ணைக் கொண்டே அது பிறந்த ஆண்டைக் கணிக்கின்றனர்.

நாம் வாழும் இக்கல்கத்தா மாநகருக்கும் இக்கதையில் பெரும்பங்கு உண்டு. இங்கு மருத்துவக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்த டாக்டர் ஓஷானஸி 1839இலேயே தந்திச் சோதனை நடத்தினார். 1850இல் டயமண்ட் ஹார்பர் வழிக்கு அடிகோலினார். (மருத்துவர் செய்த வேலையா இது என வியப்போர் உண்டு; அந்நாளில் துறைகளுக்கிடையே வேலியில்லை.) ஊசியின் அசைவைக் கண்டு படிக்கும் கருவியே அவர் முதலில் அமைத்தது, மோர்ஸ் முறை பின்னரே வந்தது.

1939இல் போர் மூண்டதும் நம் நாட்டு அமெச்சூர்களின் உரிமங்கள் இரத்தாயின. ஒலிபரப்புக் கருவிகளும் பறிமுதலாயின. அதே போர்தான் சாவிகளையும் பெருக்கிற்று. அமெரிக்கப் படையின் பயிற்சிக்கென ஜே-38 என்னும் சாவி ஏராளமாக உற்பத்தியாயிற்று. பொம்மை ரயில் செய்த லயனல் கம்பெனியும் அதனைச் செய்தது! போர் முடிந்ததும் அவை மலிவு விலைக்கு அமெச்சூர்களின் மேசைகளை அடைந்தன.

2013 ஜூலையில் நம் நாட்டுத் தந்திச் சேவை முடிவுற்றது. அப்போது அது கணினிவழியே நடந்துகொண்டிருந்தது. மோர்ஸ் சாவிகள் அதற்கு வெகுகாலம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. எடைக்குப் போடும் பித்தளையாக உருகிப்போன சாவியை எவராலும் மீட்க இயலாது. எஞ்சியதையும் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவோர் உளர். குத்துவிளக்கிற்கு அது அழகு, சாவிக்கோ கேடு. மேற்பூச்சும், மங்கிய முத்திரை எழுத்தும், எவருடைய விரலோ பதிந்து தேய்ந்த குமிழும்தானே அதன் சரித்திரம்!

ஒவ்வொரு தந்தியாளருக்கும் ஒரு கைவாகு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஒட்டுக்கேட்ட பிரிட்டிஷார், எதிரித் தந்தியாளர் இன்னார் என்பதைத் தட்டும் பாங்கினாலேயே இனங்கண்டனர். அக்கைவாகு அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் கிட்டாது. 2003இல் உலக வானொலி விதிகள் மோர்ஸ் தேர்வைக் கட்டாயத்திலிருந்து விலக்கிய பின்னும், விருப்பத்தால் அதனைக் கற்போர் இருக்கின்றனர். பழஞ்சாவியின் திருகைச் சரிசெய்து, தொடுமுனையைத் துடைத்து, இரவில் ‘வி.யு.’ எனத் தொடங்கும் தம் அழைப்புக்குறியைத் தட்டி மறுமொழிக்குக் காத்திருக்கின்றனர். நம் காலனி வீடுகளில், தந்தி இலாகாவில் பணியாற்றிய பெரியவர்களின் பெட்டிகளில் இத்தகைய சாவி ஏதேனும் கிடந்தால், அதனை எடைக்குப் போடுமுன், தட்டிய கை யாருடையது, எவ்வூர் ஆபீசில் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி அதனோடு கட்டி வைக்க வேண்டுகிறோம்.