விலைபோகாத குரல்

2011 டிசம்பரில் கார்ன் இசைக்குழுவின் ‘தி பாத் ஆஃப் டோட்டாலிட்டி’ வந்தபோது நான் கல்லூரி விடுதியில் இருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அறைத்தோழனிடம், “ஆள் விலைபோயிட்டான்டா” என்றேன். நாங்கள் கொண்டாடிய மெட்டல் பாடகர் ஜோனதன் டேவிஸ், ஸ்க்ரில்லெக்ஸ், நொய்சியா, எக்ஸிஷன் என்று மின்னணு நடன இசைக்காரர்களோடு சேர்ந்து டப்ஸ்டெப் போட்டிருந்தார். அது போதாதென்று ‘ஜேடெவில்’ என்ற பெயரில் தனியாக டிஜே வேறு. துரோகம்னுதான் தோணுச்சு.

வரலாறு வேறு மாதிரி இருந்தது. கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் வளர்ந்த டேவிஸ், பள்ளி நாட்களிலேயே டிஜே. கார்னின் முதல் ஆல்பம் வந்தது 1994இல்தான். நாங்கள் சைடு ப்ராஜெக்ட் என்று நினைத்தது அவருடைய பழைய வேலை.

சரி, இந்த இரண்டு இசையும் எப்படி ஒட்டின? டப்ஸ்டெப் 2000களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனின் க்ராய்டன் பகுதியில் உருவெடுத்தது. வேகம் நிமிடத்துக்குச் சுமார் 140 துடிப்பு. ஆனால் ஸ்னேர் நான்கு துடிப்புக்கு ஒருமுறை, மூன்றாவதில்தான் விழும்; காதுக்கு 70 மாதிரி இருக்கும். மெட்டலில் ‘பிரேக்டவுன்’ செய்வதும் இதைத்தான்: ஓடுகிற தாளத்தைப் பாதியாக்கி, கூட்டத்தின் தலையை மொத்தமாக ஆட்டிவைப்பது. கார்னின் ஏழு தந்தி கிதார்களும் முதல் ஆல்பத்திலிருந்தே அடிமட்டச் சுருதியில்தான் உறுமின.

இன்னொன்றை சிக்னல் ப்ராசஸிங் படித்தபிறகுதான் கவனித்தேன். பாடகர் உறுமும்போது தொண்டை கரகரப்பான ஒலியை எழுப்புகிறது. வாய் திறந்து மூடி அதை வடிகட்டுகிறது. டப்ஸ்டெப்பின் பேஸிலும் அதே ஏற்பாடு. ஆஸிலேட்டர் ஒரு கரடுமுரடான அலையை எழுப்ப, ஃபில்டர் திறந்து மூடுகிறது. எந்திரம் ‘வாவ் வாவ்’ என்று பேசுவதுபோலக் கேட்பது அதனால்தான். ஸ்க்ரில்லெக்ஸ் எனப்படும் சோனி மூரும் முன்னாள் அலறல் பாடகர்தான். தொண்டைப் பிரச்சினைகளுக்குப் பிறகு 2007இல் ‘ஃப்ரம் ஃபர்ஸ்ட் டு லாஸ்ட்’ குழுவிலிருந்து விலகியவர், 2012 பிப்ரவரியில் மூன்று கிராமி விருதுகளோடு நின்றார். எந்திரத்தில் அவர் தேடியது தன் பழைய தொண்டையைத்தான் என்று எனக்குத் தோன்றும்.

2012இல் டேவிஸ் ‘கில்பாட்’ என்ற மூவர் குழுவிலும் சேர்ந்து மின்னணு இசை செய்தார். 2013 ஆல்பத்தில் பழைய கிதார்காரர் பிரையன் வெல்ச் திரும்பி வந்தார். கிதாரும் முன்னால் வந்தது. ரசிகர்கள் நாங்கள் நிம்மதியானோம்.

போன வாரம் அந்த 2011 ஆல்பத்தை மறுபடி கேட்டேன். சில பாடல்கள் இன்றும் சுமார்தான். ஆனால் விலைபோனவரின் குரல் அதில் இல்லை. அறைத்தோழனுக்கு மெசேஜ் போட்டேன்: “அன்னிக்கு நான் சொன்னது தப்புடா.”

பதில் வந்தது: “எனக்கு அன்னிக்கே புடிச்சிருந்துச்சு. நீதான் பாதியில ஹெட்போனைப் புடுங்கிட்ட.”