காரணமறியா மயக்கமும் மார்பிற் பதித்த கருவியும்

மயக்கம் சான்று வைக்காத நோய். விழுந்தவர் சில நொடிகளில் எழுந்துவிடுவார். மருத்துவர் வந்து நாடி பார்க்கையில் எல்லாம் செவ்வையாக இருக்கும். பள்ளித் திடலில் நெடுநேரம் நின்ற மாணவன் மயங்கி விழுவது பெரும்பாலும் தீங்கற்றது. காரணம் புலப்படாமல் மீண்டும் மீண்டும் வரும் மயக்கமோ, சிலருக்கு இருதயத் துடிப்பு இடையிடையே நின்றுபோவதன் அறிகுறியாகும்.

இதனை ஆராய்ந்தெழுதிய முன்னோடிகளுள் ஒருவர் டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் ஆடம்ஸ். 1827ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட குறிப்பில், 68 வயதுடைய வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் இடம்பெறுகிறார். ஏழாண்டுகளில் இருபது முறைக்குக் குறையாமல் உணர்விழந்த அவருடைய நாடி நிமிடத்துக்கு 30 அளவிலேயே துடித்தது. மூளையை மட்டுமே ஐயுற்றோர்க்கு, குறை இருதயத்திலும் இருக்கலாம் என்று ஆடம்ஸ் உணர்த்தினார். அந்நகரத்து வில்லியம் ஸ்டோக்சும் 1846இல் இதனை வலியுறுத்தினார். இருவர் பெயராலும் அந்நோய் இன்றும் வழங்குகிறது.

அவர்களுக்கு விரலும் செவியுமே கருவிகள். பின்னர், நெதர்லாந்தின் லைடன் நகரப் பேராசிரியர் ஐந்தோவன், இருதயத்தின் மின்னோட்டத்தை வரையும் பொறியை அமைத்து, 1924இல் நோபெல் பரிசு பெற்றார். ஏறத்தாழ 270 கிலோ எடையுள்ள அப்பொறியை நாடி நோயாளி செல்லவேண்டும். மயக்கமோ அங்கு வந்து நிகழக் காத்திராது. அமெரிக்கர் நார்மன் ஹோல்ட்டர் 1940களில் பதிவுப் பொறியை மனிதன் முதுகிலேற்றினார். அதன் எடை 38 கிலோ. 1961இல் அவர் விளக்கிய முறையால் அது கையடக்கமாயிற்று. ஆயினும் ஓரிரு நாள் பதிவில், ஆண்டுக்கு இருமுறை வரும் மயக்கம் சிக்குவது அரிது.

இக்குறையைப் போக்க, 1990களில் கனடா நாட்டு மருத்துவர்களான கிளைன், கிரான், யீ ஆகியோர் மார்புத் தோலின்கீழ்ப் பதிக்கும் சிறு கருவியை ஆராய்ந்தனர். அது இடைவிடாது பதிந்து, பழையதை அழித்துப் புதியதை ஏற்கும். மயங்கியவர் தெளிந்தபின் பொத்தானை அழுத்தினால், கடந்த நிமிடங்கள் அழியாமல் நிலைக்கும். பிற்காலக் கருவிகள் தாமாகவே பதிந்துகொள்கின்றன. அவர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு கருவி பொருத்தியிருந்த 27 பேருள் 14 பேருக்குக் காரணம் தெரிந்தது. வழக்கமான சோதனைகளுக்குட்பட்ட 30 பேருள் 6 பேருக்கே தெரிந்தது.

இக்கருவி நோயைத் தீர்ப்பதன்று, சான்று கூறுவது. துடிப்பு நின்றது தெரிந்தால் பேஸ்மேக்கர் உதவக்கூடும். துடிப்பு ஒழுங்காயிருந்தால் வேறு காரணம் தேடலாம். வலிப்பென்று தவறாகக் கருதப்பட்டு, வேண்டாத மருந்தை ஆண்டுக்கணக்கில் உண்டவர்களும் உளர். அத்தகையோர்க்கு, விழும் நொடியில் உடனிருந்த இச்சிறு சாட்சியே வழிகாட்டி.