தஞ்சை நால்வர்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை மராட்டிய அரசவையில் பெயர்பெற்ற நான்கு சகோதரர்கள்: சின்னையா (பி. 1802), பொன்னையா (1804), சிவானந்தம் (1808), வடிவேலு (1810). நட்டுவனார் சுப்பராயனின் மக்கள். முத்துசுவாமி தீட்சிதரிடம் பயின்றவர்கள். குருவைப் போற்றி இவர்கள் இயற்றிய கீர்த்தனங்களின் தொகுப்பு நவரத்னமாலை.

இரண்டாம் சரபோஜி காலத்தில் தஞ்சை அரண்மனைக்குள் மேலைநாட்டு இசையும் புகுந்திருந்தது. அந்தச் சூழலில் வளர்ந்த வடிவேலு வயலினைத் தேர்ந்துகொண்டார். பரதநாட்டியத்தின் முந்தைய வடிவமான சதிர்க் கச்சேரிக்கு அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசையை வகுத்தவர்கள் நால்வரே என்பது மரபு. இன்றைய அரங்கேற்றங்கள் பெரும்பாலும் அந்த வரிசையில்தான் நடக்கின்றன. நால்வரும் சேர்ந்து செய்ததில் நிலைத்தது இதுவே; மற்றவை இதற்கு அடுத்தபடிதான்.

மன்னரோடு ஏற்பட்ட மனக்கசப்பால் தஞ்சையை விட்டு வெளியேறினார்கள் என்பது வழிவழிச் செய்தி. திருவிதாங்கூரில் மன்னர் சுவாதித் திருநாள் இவர்களை ஆதரித்தார். 1834இல் வடிவேலுவுக்குத் தந்த வயலின் பரிசு யானைத்தந்தத்தால் ஆனது. பிறகு குழு கலைந்தது. வடிவேலு அங்கேயே தங்கி மோகினியாட்டத்துக்கும் உருக்கொடுத்தார். சின்னையா மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் அவைக்குப் போனார். பொன்னையாவும் சிவானந்தமும் தஞ்சைக்குத் திரும்பினர்.

பிரிவால் கலைக்கு நட்டமில்லை. ஒரே பாணி மூன்று அரசவைகளில் வேரூன்றியது. ருக்மிணி தேவிக்கு நாட்டியம் கற்பித்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும், நால்வரின் உருப்படிகளைச் சுரக்குறிப்புடன் அச்சேற்றிய கே. பி. கிட்டப்பா பிள்ளையும் இவர்கள் வழிவந்தவர்கள்.