ஒரு மகனின் நினைவும் ஒரு பள்ளத்தாக்கின் நினைவும்

ஸ்காட்லாந்தில் ட்வீட் ஆற்றங்கரை. பொறியாளரான அப்பா மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தண்ணீரைக் காட்டுகிறார். இந்த மடுவில் ஏன் சுழல்கிறது, அந்தக் கரையை ஏன் அரிக்கிறது, இங்கே ஒரு தடுப்பைப் போட்டால் ஓட்டம் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று மதியம் முழுக்கக் கேள்விகள். பையனுக்கு ஆறு அழகாக இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அவனுக்குச் சலிப்பு, அவருக்கு மனசுக்குள் வலி. அப்பா தாமஸ் ஸ்டீவன்சன், கலங்கரை விளக்கங்கள் கட்டிய குடும்பத்தின் வாரிசு. மகன் ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். அந்த மதியங்களை நினைத்து மகன் வருந்தி எழுதியபோது அப்பா உயிரோடு இல்லை.

தாமஸ் இறந்தது 1887 மே 8. அதே வருஷம்தான் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணைக்கு வேலை தொடங்கினார். ஒருவர் கடலலையின் விசையை அளக்கக் கருவி செய்தவர். மற்றவர் மேற்கே போன தண்ணீரைக் கிழக்கே திருப்பியவர். இவர்களில் பெரியவர் யார் என்ற கேள்வி எனக்கு இல்லை. ஒருவரை ஒரே ஒரு மகன் நினைத்து எழுதினான், மற்றவரை ஒரு பள்ளத்தாக்கே நினைத்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு நினைவுகளையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அப்பா போன சில வாரங்களில் லூயி ஸ்டீவன்சன் எழுதிய கட்டுரை அச்சில் வந்தது. தலைப்பிலேயே ‘பொறியாளர்’ என்று போட்டிருந்தாலும் வேலை விவரம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அரசுப் பொறுப்பில் இருந்ததால் தன் கண்டுபிடிப்பு எதற்கும் தாமஸ் காப்புரிமை வாங்கவில்லை. அதனால் கருவிகள் ஊரெல்லாம் போயின, பேர் போகவில்லை. நம்மூர் வானிலை நிலையங்களில் வெப்பமானியை வெயிலிலிருந்து காக்கிற, பக்கமெல்லாம் சாய்ந்த பலகைகள் அடித்த வெள்ளைப் பெட்டி அவர் வடிவமைத்ததுதான். பெரு நாட்டுக்காரர் ஒருவருக்கு ஸ்டீவன்சன் என்றால் மகனின் கதைகள் தெரியாது, அப்பாவின் பொறியியல் நூல்களைத்தான் தெரியும் என்று மகனே பெருமையோடு எழுதுகிறார். அதன்பின் கட்டுரை வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கண்டிப்பும் கனிவும் கலந்த குணம், அடிக்கடி கவியும் மனச்சோர்வு, சூரியகாந்திப் பூமேல் ஆசை, கணக்கில் கொஞ்சம் பலவீனம். பொறியாளருக்குக் கணக்கு வராது என்று பெற்ற மகனைத் தவிர வேறு யார் அஞ்சலியில் எழுதுவார்கள்?

இருவருக்கும் நடுவே பெரிய மனத்தாங்கல் இருந்தது. மகன் பொறியியலை உதறினான், பிறகு அப்பாவின் கடவுள் நம்பிக்கையையும் உதறினான். கடைசியில் மகன் வந்து நின்றபோது அப்பாவுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் 1881-ல் பிரேமரில் ‘புதையல் தீவு’ உருவானபோது, அறுபத்து மூன்று வயதுப் பெரியவர் குழந்தையாகவே மாறிக் கதைக்குள் இறங்கினார். கடலோடி பில்லி போன்ஸின் பெட்டியைத் திறக்கும் இடம் வந்ததும், அதற்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு வக்கீல் உறையின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டுக் கொடுத்தார். ஏறக்குறைய ஒரு பகல் பிடித்த வேலை. மகன் அதை ஒன்றுகூட மாற்றாமல் கதையில் வைத்தான். ஆற்றங்கரையில் கிடைக்காத துணை அப்பாவுக்கு அந்த உறையில் கிடைத்தது என்றே எனக்குப் படுகிறது.

பெரியாற்றுத் தண்ணீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் நினைவு வேறு மாதிரி. அங்கே யாரும் கட்டுரை எழுதவில்லை, படம் மாட்டினார்கள். டீக்கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பென்னிகுவிக். பிள்ளைகளுக்கு அவர் பேர். அவர் பிறந்த ஜனவரி 15-ல் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-ல் அரசு கட்டிய மணிமண்டபம் இந்தப் பொங்கலுக்குப் பின்னால் வந்ததுதான். சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டிய 176 அடி உயர அணை 1895-லிருந்து தண்ணீர் தருகிறது. தண்ணீர் வருகிறவரை படமும் இருக்கும்.

ஆனால் அந்தப் படத்தில் இருப்பவர் எப்போது கோபப்படுவார், பிள்ளைகளை மடியில் வைத்துக் கதை சொன்னாரா என்று பள்ளத்தாக்குக்குத் தெரியாது. அவருடைய குடும்பம் ஒரே ஒரு கதையில்தான் வருகிறது. வெள்ளம் கட்டுமானத்தை அடித்துப் போனதும் அரசு கைவிட்டது, மனைவியின் நகையை விற்று அணையை முடித்தார் என்று ஊரில் சொல்வார்கள். அணை அரசுப் பணத்தில் எழுந்தது என்பதே பதிவு. அதைக் காட்டி இந்தக் கதையைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. விதைக்கும் மோட்டாருக்கும் பெண்சாதி நகையைக் கழற்றி அடகுக் கடைக்குக் கொண்டுபோகிற சம்சாரிக்கு, ஒருவர் செய்யக்கூடிய பெரிய தியாகம் எது? தன் வீட்டில் நடப்பதை அந்த வெள்ளைக்காரர் வீட்டிலும் வைத்துப் பார்த்தார்கள். அப்படித்தான் அவரைக் குடும்பஸ்தர் ஆக்கித் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டார்கள். மகன் கண்ணால் கண்ட அப்பாவை எழுதினான். ஊர் காணாத அப்பாவைத் தன் பாடுகளைக் கொண்டு செய்துகொண்டது. உண்மை முதலாவதில் அதிகம். அன்பில் எது குறைவு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என் அப்பாவும் பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மதகைக் கண்டால் பைக்கை நிறுத்திவிடுவார். நானும் ட்வீட் கரைப் பையனைப் போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றவன்தான். அவர் போன பிறகு அலமாரியில் ஒரு பழைய எஸ்டிமேட் தாள் கிடைத்தது. பின்பக்கத்தில், வேலை அளவுகளை எழுதும் எம்-புக்கில் போடுவது போலவே நேராகக் கோடு போட்ட கட்டங்கள். ரெட்டை வடச் சங்கிலி, ஜிமிக்கி, நாலு வளையல். ஒவ்வொன்றுக்கும் எதிரே எடை, அடகு வைத்த தேதி, மீட்ட தேதி. வளையலுக்கு நேரே கடைசிக் கட்டம் மட்டும் காலி. அம்மாவிடம் காட்டினேன். “அது உன் மூணாம் வருஷ ஃபீஸுப்பா” என்றாள்.