ஃப்ளைப் பெட்டி: சேர்வராயன் மலைப் பகுதிக்கேற்ற தேர்வு

ஃப்ளைப் பெட்டி என்பது தூண்டில் ஃப்ளைகளை நசுங்காமலும் துருப்பிடிக்காமலும் வைத்துக்கொள்ள உதவும் கைக்கடக்கமான பெட்டி. ஃப்ளை எனப்படுவது இறகு, ரோமம், பட்டு நூல் முதலியவற்றைத் தூண்டில் முள்ளில் சுற்றிக்கட்டிப் பூச்சியாகவோ சிறுமீனாகவோ தோன்றச் செய்த பொய் இரை. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை தங்கூசியை இழுத்துச் செல்லும். ஃப்ளைக்கோ எடையே இல்லை எனலாம். அதனால் தடித்த, கனமான நூலைக் காற்றில் வீசி அதன் போக்கில் ஃப்ளையை நீரில் இறக்குகிறார்கள். வீச்சு எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் இறகு சப்பையாகி, முள்முனை துருவேறிய ஃப்ளையை மீன் ஏற்காது. ஏற்றாலும் முள் தைக்காது. பெட்டியின் தரம் மீன்பிடியின் தரத்தைத் தொடுவது இங்கேதான்.

இப்பெட்டியின் வரலாறு நீண்டதன்று. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஃப்ளை கட்டும் முள்ளுக்குப் பெரும்பாலும் நூல் கோக்கும் காது இருந்ததில்லை. பட்டுப்புழுவின் நரம்பை முள்ளோடு சேர்த்தே கட்டினார்கள். நரம்பு வாலோடு கூடிய அந்த ஃப்ளைகள் பெட்டியில் அடங்காது. தோலுறை போட்ட ஏட்டின் தாள்களுக்கிடையே அவற்றைத் தட்டையாக வைத்தார்கள். மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த எச். எஸ். தாமஸ் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலை வெளியிட்டுத் தென்னிந்திய ஆறுகளின் தூண்டில் மீன்பிடியை விரிவாக எழுதியது இந்த ஏட்டுக் காலத்தில்தான். 1880களில் காதுள்ள முள் இங்கிலாந்தில் பரவியது. நரம்பு வால் தேவையற்றுப் போனது. நீர்மேல் மிதக்கும்படி இறகைச் சிலிர்க்கக் கட்டிய உலர் ஃப்ளைகளும் அப்போதே பெருகின. சிலிர்த்த இறகை ஏட்டில் வைத்தால் நசுங்கிவிடும் என்பதால் பெட்டி இன்றியமையாததாயிற்று. 1860இல் தொடங்கப்பட்ட ரிச்சர்ட் வீட்லி என்ற ஆங்கில நிறுவனத்தின் அலுமினியப் பெட்டிகள் இத்துறையில் பெயர் பெற்றவை. ஒவ்வொரு அறைக்கும் வில்மூடி போட்ட அதன் அமைப்பு இன்றும் விற்பனையில் உள்ளது. நுரை, பிளாஸ்டிக், சிலிகோன் ஆகியவை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன் பின்னும் வந்து சேர்ந்தவை.

ஃப்ளைத் தூண்டிலுக்குப் பெயர்போன ட்ரௌட் மீன் வாழும் ஓடை சேர்வராயன் மலையில் கிடையாது. அம்மலைமேல் உள்ள ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் ஓடைகள் குறுகியவை, கோடையில் வற்றுபவை. அங்குள்ள கிளியூர் அருவியே மழைக்காலத்தில்தான் முழுவீச்சில் விழுகிறது. வெப்பத்தைத் தாங்காத ட்ரௌட்டுக்கு ஆண்டு முழுதும் ஓடும் குளிர்ந்த நீர் வேண்டும். தமிழ்நாட்டில் அது அமைந்த முக்கிய இடம் நீலகிரி மேட்டுநிலம். மீனியலாளர் பிரான்சிஸ் டே 1863இல் அங்கே ட்ரௌட்டைக் குடியேற்ற முயன்று தோற்றார். அதன்பின் எச். சி. வில்சன் என்பவரின் முயற்சியால் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. வானவில் ட்ரௌட் அப்பகுதி நீர்நிலைகளில் நிலைத்தது. ஆகவே ஏற்காட்டுக்காரர் ஒருவர் ஃப்ளைப் பெட்டி வாங்கும்போது இரண்டு திசைகளை நினைக்க வேண்டியிருக்கிறது. ஒன்று மேற்கே நீலகிரியின் குளிர்நீர். மற்றொன்று மலையடிவாரத்து வெந்நில நீர்: சேர்வராயனில் பிறந்து இறங்கும் திருமணிமுத்தாறு, சரபங்கா, வாணியாறு, சமவெளி ஏரிகள், 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கம்.

இவ்விரு நீருக்கும் ஒரே பெட்டி பொருந்தாது. ட்ரௌட்டுக்கான ஃப்ளைகள் சிறியவை. முள்ளின் எண் கூடக் கூட அளவு குறையும். எண் 16 முள் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அப்படிப்பட்டவை நூறு இருந்தாலும் சட்டைப்பையில் அடங்கும் பெட்டி போதும். சமவெளியில் நிலைமை வேறு. விராலுக்குத் தவளை வடிவில் மிதக்கும் பருத்த ஃப்ளையும், சிறுமீனைத் துரத்தித் தின்னும் இனங்களுக்கு ஸ்ட்ரீமர் எனப்படும் நீண்ட ஃப்ளையும் தேவை. ஸ்ட்ரீமரின் நீளம் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர். மடங்கிய நிலையில் வைத்த ஸ்ட்ரீமரின் வால் நாளடைவில் வளைந்து, நீரில் நேராக நீந்தாமல் சுழலத் தொடங்கும். எனவே அதற்கு ஆழமும் நீளமும் உள்ள பெட்டிதான் சரி. கெண்டை இனச் சிறுமீன்களுக்கான எண் 12, 14 ஃப்ளைகள் இரண்டுக்கும் இடைப்பட்டவை. ட்ரௌட் பெட்டியிலேயே அவற்றுக்கு ஒரு வரிசை ஒதுக்கலாம்.

உள்ளமைப்பில் பல வகை உண்டு. கீறல் போட்ட நுரையில் முள்ளின் வளைவைச் செருகி நிறுத்துவது இன்று மிகப் பரவலானது. வரிசைகள் ஒழுங்காக நிற்கும். எது எங்கே என்பது கண்ணில் படும். நீருக்குள் மூழ்கும் சிறு ஃப்ளைகளுக்கு இதைவிட ஏற்றது இல்லை. மலிவான நுரையில் கீறல் சீக்கிரம் அகன்று பிடி விட்டுப்போகும். முள்ளின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி வைத்தால் நுரையின் ஆயுள் நீளும், பிடித்த மீனை அதிகக் காயமின்றி விடவும் முடியும். நுரைக்குப் பதில் சிலிகோன் விரிப்பு உள்ள பெட்டிகள் விலை கூடியவை; ஆனால் நீரை உறிஞ்சாதவை, வெயிலில் இளகாதவை. ஏப்ரல், மே மாதங்களில் சேலம் சமவெளியில் வெயில் 40 பாகை செல்சியசைத் தொடும். அந்த வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்தால் நுரையை ஒட்டிய பசை விட்டுப்போகிறது, மெல்லிய பிளாஸ்டிக் மூடி கோணிக்கொள்கிறது. சிலிகோனுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இங்கே வீண் போவதில்லை.

உலர் ஃப்ளைகளைச் செருகி வைப்பதைவிட அறைகளில் தளர்வாக இடுவதே நல்லது. எண் 12 உலர் ஃப்ளையின் இறகு வட்டம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை அகலம் கொண்டது. அறையின் ஆழம் அதற்குக் குறைந்தால் மூடியே இறகை அமுக்கும். நசுங்கிய இறகைக் கொதிநீரின் ஆவியில் காட்டினால் ஓரளவு நிமிரும். வாங்கும்போதே ஆழத்தை அளந்து பார்ப்பது அந்த வேலையைத் தவிர்க்கும். மலைக்காற்றில் அறைப்பெட்டி ஒன்றைத் திறந்தால் எடையற்ற ஃப்ளைகள் எல்லாம் பறந்துபோகலாம். அறைக்கொரு மூடி என்ற பழைய ஏற்பாட்டின் அருமை அப்போது தெரியும். காந்த விரிப்புகள் மிகச் சிறிய ஃப்ளைகளை எடுக்கவும் வைக்கவும் வசதியானவை. ஆனால் டங்ஸ்டன் மணி கோத்த கனமான ஃப்ளைகள் அவற்றில் நிலைப்பதில்லை. நாளடைவில் முட்களே காந்தமேறி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். உலோகக் கவ்விகள் முள்ளை இறுகப் பிடிப்பவை. சிறிய முள்ளின் முனையை மழுக்கிவிடும் என்பதால் பெரிய ஃப்ளைகளுக்கு மட்டும் அவை தகும்.

மேற்சொன்னவற்றைவிடப் பெரிய கேள்வி ஈரம். விளம்பரங்களில் நீர்புகாப் பெட்டி முதலிடம் பெறுகிறது. ரப்பர் வளையம் இட்டு இறுகப் பூட்டும் அத்தகைய பெட்டி ஆற்றில் விழுந்தாலும் உள்ளே சொட்டு நீர் புகாது. அதே வளையம் உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்கு வரும் பெட்டியின் நிலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மேட்டூர்க் கரையில் 35 பாகை வெப்பத்திலும் 50 விழுக்காடு ஈரப்பதத்திலும் உள்ள காற்று கனமீட்டருக்கு ஏறத்தாழ 20 கிராம் நீராவி கொண்டிருக்கும். 18 பாகையில் காற்று 15 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். மிச்சம் பெட்டியின் உட்புறத்திலும் முட்களிலும் பனித்துளியாகப் படியும். ஒரு சிறு பெட்டியின் காற்றில் இது ஒன்றிரண்டு மில்லிகிராம் மட்டுமே. நனைந்தபடியே உள்ளே வைத்த ஒரேயொரு ஸ்ட்ரீமர் அதைப்போல் பல மடங்கு நீரைக் கொண்டுவருகிறது; அந்த ஈரம் இரவோடிரவாகப் பெட்டியிலுள்ள எல்லா முட்களையும் தொட்டுவிடும். ஆக, துருவுக்கு முதற்காரணம் ஆற்றில் தவறி விழுவதன்று, ஈரத்தோடு மூடி வைப்பதே.

இதனால் நீர்புகாப் பெட்டியை ஒதுக்க வேண்டியதில்லை. ஆழமான ஆற்றில் இறங்கி நிற்பவருக்கு அது பயன்படும். ஆனால் பயன்படுத்திய ஃப்ளைகளுக்குத் தனியிடம் இருக்க வேண்டும்: தொப்பியிலோ சட்டையிலோ குத்திய ஒரு நுரைத்துண்டு, அல்லது காற்றுத் துளையுள்ள சிறு பெட்டி. வீடு திரும்பியதும் எல்லாப் பெட்டிகளையும் திறந்து வைத்து, ஃப்ளைகள் முற்றிலும் காய்ந்தபின் மூடுவது அவசியம். வடகிழக்குப் பருவமழையில் ஏற்காட்டு வீட்டுக்குள்ளும் மூடுபனி நுழையும். திறந்து வைத்தால்கூட ஒன்றும் காயாத நாட்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் வைக்கலாம். நுரை நனைந்திருந்தால் ஃப்ளைகளை எடுத்துவிட்டு நுரையைத் தனியே உலர்த்த வேண்டும். பழைய தோல் ஏடுகளும் ஆட்டுத்தோல் உறைகளும் பார்க்க அழகானவை. ஈரத்தை உறிஞ்சி நெடுநேரம் வைத்துக்கொள்ளும் அவற்றை இந்த மலையில் அலமாரிக்காக மட்டுமே வாங்கலாம்.

காற்றழுத்தத்தாலும் ஒரு தொல்லை உண்டு. சேலத்தைவிட ஏற்காட்டில் காற்றழுத்தம் எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. மலைமேல் இறுகப் பூட்டிய நீர்புகாப் பெட்டி அடிவாரம் வந்ததும் திறக்க முடியாதபடி கவ்விக்கொள்ளும். அழுத்தத்தைச் சமன்செய்யும் சிறு திருகு உள்ள பெட்டி, மலைக்கும் சமவெளிக்கும் அலைபவருக்கு உகந்தது.

அந்துப்பூச்சியும் தோல்வண்டும் இறகையும் ரோமத்தையும் தின்பவை. அவற்றின் புழுக்கள் நுழைந்து பெருகினால் ஒரு பருவத்துக்குள் பெட்டி முழுதும் வெறும் முட்களாகலாம். வழக்கமாகப் போடும் நாப்தலீன் உருண்டை சில பிளாஸ்டிக் வகைகளை இளக்கி ஒட்டவைத்துவிடும். இறகுச் சரக்கை முதலில் காற்றுப்புகாப் பையில் இட்டு ஃப்ரீசரில் சில நாட்கள் வைத்தெடுப்பது பாதுகாப்பான வழி. நன்றாகப் பொருந்தும் மூடிக்கு இன்னொரு பயன் இங்கே தெரிகிறது. எறும்பும் வண்டும் நுழையாத இடுக்கே அதற்கு அளவுகோல்.

வெளிப்புறத்தைப் பற்றிச் சொல்லச் சிலவே உண்டு. ஈரக்கையால், ஒரு கையால் திறக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். கீலின் ஊசி துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகள் முதலில் பழுதாவது கீலில்தான். புல்லில் விழுந்தால் தெரியும் ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறம் பச்சையைவிட நல்லது. கழுத்துக் கயிற்றுக்கு ஒரு துளையும் இருக்கட்டும்.

இறக்குமதிப் பெட்டி வாங்க இயலாதவர்கள் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். சிலிகோன் வளையமுள்ள தட்டையான டப்பா ஒன்றும், ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கும் ஈ.வி.ஏ. நுரைத்தாளும் போதும். ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் தாளை வெட்டி, அரை சென்டிமீட்டர் இடைவெளியில் பிளேடால் பாதி ஆழம் கீறி, நீரில் கரையாத பசையால் ஒட்டினால் ட்ரௌட் ஃப்ளைகளுக்கான நல்ல பெட்டி ஆயிற்று. பசையின் நெடி அடங்க இரண்டு நாள் திறந்து வைக்க வேண்டும்.

பெட்டிக்குள் எதை வைக்கலாம் என்பதில் சட்டமும் உண்டு. தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு, மெழுகு பூசியதுபோல் மின்னும் புள்ளிகளுக்காக ஐரோப்பிய சால்மன் ஃப்ளைகளில் பெரிதும் விரும்பப்பட்டது. அதற்காகவே அப்பறவை ஏராளமாகக் கொல்லப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதை வேட்டையாடத் தடை செய்கிறது. காட்டில் பிடித்த கோழியின் இறகு எந்தப் பெட்டியிலும் இடம்பெறக் கூடாது. நாட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகே பெரும்பாலான ஃப்ளைகளுக்குப் போதுமானது.

எந்த மீனை எங்கே பிடிக்கலாம் என்பதிலும் அப்படியே. காவிரியின் திமில் மகசீர் மீன் தோர் ரெமாதேவி என்ற இனமே என 2018இல் உறுதியாயிற்று. அதே ஆண்டில் அது மிகவும் அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது. காவிரி வடக்கு (2014), காவிரி தெற்கு (2022) சரணாலயங்களுக்குள் ஓடும் நீரில் தூண்டில் போடக் கூடாது. மற்ற நீர்நிலைகளில் மீன்வளத் துறை அல்லது வனத்துறையின் அனுமதி பெற்ற பிறகே எந்த ஃப்ளைகளை எடுத்துச் செல்வது என்ற கேள்வி எழும். பெட்டியை ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்லுமுன் கழுவி முழுதும் காயவைப்பது, ஓரிடத்து நோய்க்கிருமியும் பாசியும் மற்றோரிடத்துக்குப் பரவாமல் தடுக்கும்.