ஜிந்துப்பிட்டியும் பாரிசவாதமும்

கொழும்புத் துறைமுகத்துக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில், சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலையும் ஆங்கிலேயர் காலத்துப் புனித தோமையார் தேவாலயத்தையும் கொண்டுள்ள ஜிந்துப்பிட்டியின் சுகாதார வரலாற்றை எழுதப் புகுவோர் தொற்றுநோயிலிருந்தே தொடங்குவர். 1914 சனவரியில் இலங்கைக்குள் முதன்முறையாகப் புகுந்த கொள்ளைநோய், அயலிலுள்ள செட்டியார் தெருவையும் அதனைச் சூழ்ந்த அரிசிக் களஞ்சியங்களையும் பற்றிக்கொண்டது. மாநகர சபையின் நுண்ணுயிரியலாளரான பேபியன் ஹேர்ஸ்ற், எலிகளின் உடலில் வாழும் தெள்ளுகளை இனம் பிரித்து ஆராய்ந்து, நோய் தானிய வணிகப் பகுதிகளில் நிலைத்ததன் காரணத்தைத் தேடினார். இவ்வகை நெருக்கடிகளினூடே வளர்ந்த நகரச் சுகாதாரத் துறை எலியைத் துரத்துவதிலும் சாக்கடையைச் சீராக்குவதிலும் தேர்ச்சி பெற்றதாயினும், வலியோ காய்ச்சலோ காட்டாமல் ஆண்டுக்கணக்கில் முதிரும் நோயைக் கண்டறியும் கருவி அதனிடம் இருக்கவில்லை.

பாரிசவாதம் அத்தகைய நோயாகும். மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் குருதிக்கட்டியால் அடைபடும்போதோ, வெடித்துக் கசியும்போதோ, மூளையின் ஒரு பகுதி செயலிழந்து, பெரும்பாலும் உடலின் எதிர்ப்புறக் கைகால்கள் சோர்ந்துவிடுகின்றன. சித்த மருத்துவம் இதனை வாத நோய்களுள் வைத்து எண்ணெயும் ஒற்றடமும் பத்தியமும் விதித்தது. ஐரோப்பாவிலோ 1658இல் யோகான் வெப்பர், இறந்தோரின் மூளையை அறுத்துப் பார்த்து, குருதிக் கசிவே பலருக்குக் காரணமென எழுதிய பின்னரும், நோய் வருமுன் அதை அறிய வழி பிறக்கவில்லை. 1896இல் ரிவா-ரோச்சி கையில் கட்டும் அழுத்தமானியை அமைத்ததும், 1905இல் கொரொட்கோவ் நாடியோசையைக் கேட்டு அளக்கும் முறையைச் சேர்த்ததுமே அதற்கு அடிகோலின. 1948இல் அமெரிக்காவின் பிரமிங்காம் நகரில் தொடங்கிய நெடுநாள் ஆய்வு, உயர் இரத்த அழுத்தம் முதுமையின் இயல்பன்று, பாரிசவாதத்துக்கு இட்டுச்செல்லும் முதன்மையான ஆபத்துக் காரணி என்பதை நிறுவியது.

தொற்றுநோயும் பாரிசவாதமும் வெவ்வேறு உலகங்கள் என்று கொள்வதும் முற்றிலும் பொருந்தாது. கொழும்பில் ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான குடியிருப்புகள் போன்ற இடங்களில் எளிதாகப் பரவும் தொண்டைத் தொற்று, சில சிறுவரிடத்து வாதக் காய்ச்சலாக மாறி இதய வால்வைச் சிதைக்கிறது. அவ்விதயத்தில் உறையும் குருதிக்கட்டி பின்னாளில் மூளையை அடைந்து இளவயதினரையும் வீழ்த்துகிறது. வாதக் காய்ச்சல் கண்டோருக்கு மாதந்தோறும் பெனிசிலின் ஊசி ஏற்றுவது, இவ்வகையில் பாரிசவாதத் தடுப்பும் ஆகும்.

ஆயினும் பெரும்பங்கு அழுத்தத்தினுடையதே. கொழும்பு மாவட்டத்தில் வயதுவந்தோரிடையே நடத்தப்பட்டு 2015இல் வெளிவந்த ஆய்வு, ஆயிரம் பேரில் ஏறத்தாழ பத்துப் பேருக்குப் பாரிசவாதம் கண்டிருந்ததையும், அவர்களிடம் அதிகம் காணப்பட்ட காரணி உயர் இரத்த அழுத்தமே என்பதையும், புகைத்தல், மதுபானம், மக்கள் சீனி வருத்தம் என்னும் நீரிழிவு ஆகியன அதைத் தொடர்ந்ததையும் காட்டிற்று. கருவாட்டிலும் ஊறுகாயிலும் மறைந்திருக்கும் உப்பை இப்பட்டியலோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

உயர் இரத்த அழுத்தச் சிகிச்சையின் வரலாற்றில் தென்னாசியப் பிரதேசத்துக்கு ஒரு தனி உரிமை உண்டு. இந்திய, இலங்கை மருத்துவ மரபுகள் அறிந்திருந்த சர்ப்பகந்தா வேர் அழுத்தத்தைக் குறைப்பதை 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் மேலைநாட்டு மருத்துவ இதழொன்றில் விரிவாக எழுதினார். அவ்வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசெர்பின், கடுமையான அழுத்தத்தைக் குளிசையால் தணித்தால் பாரிசவாதம் உள்ளிட்ட கேடுகள் குறையும் என்று 1967இல் மெய்ப்பித்த அமெரிக்கச் சோதனையின் மூன்று மருந்துகளுள் ஒன்றாக இருந்தது. அரை நூற்றாண்டின் பின், இலங்கையின் 11 நகர வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 நோயாளரைக் கொண்டு நடந்து 2018இல் வெளியான ஆய்வு, குறைந்த அளவிலான மூன்று மருந்துகளை ஒரே குளிசையில் கொடுத்தபோது ஆறு மாதத்தில் 70 வீதமானோரின் அழுத்தம் இலக்கை எட்டியதையும், வழமையான சிகிச்சையில் 55 வீதமானோரே எட்டியதையும் பதிவு செய்தது.

குளிசை கைக்கெட்டிய பின்னும், அளந்து பார்க்க வருவோரைச் சேர்ப்பதே கடினமாக உள்ளது. 2011இலிருந்து சுகாதார அமைச்சு நாடெங்கும் திறந்த ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் அழுத்தமும் சீனியும் இலவசமாகவே சோதிக்கப்படுகின்றன. எனினும் அங்கு வருவோரில் பெரும்பாலோர் பெண்கள். நாட்கூலியை இழக்க இயலாத ஆண்களுக்கு, வேலை நேரத்தில் மட்டும் திறந்திருக்கும் நிலையம் திறக்காததற்கு ஒப்பானதே என்பதால், மாலை நேரத்திலும் வேலைத்தலங்களிலும் சோதனை நடத்த வேண்டியதாயிற்று.