டெட்ராய்ட் பாடல்களில் வெடியோசையும் பணமும்

பணத்தையோ வெடியோசையையோ தலைப்பாகக் கொண்ட அமெரிக்க வெகுசனப் பாடல்களைப் பொருளாசையின் வெளிப்பாடு என்றோ வெற்றுச் சத்தம் என்றோ ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் டெட்ராய்ட் நகரத்தோடு பிணைந்த இரு பாடல்களை, அதாவது பாரெட் ஸ்ட்ராங் பாடி 1959இல் வெளிவந்த ‘மனி (தட்ஸ் வாட் ஐ வான்ட்)’, ஜான் லீ ஹூக்கர் பாடி 1962இல் வெளிவந்த ‘பூம் பூம்’ ஆகியவற்றைச் சேர்த்து ஆராய்ந்தால், இரண்டும் ஒரே இசைத்தொழிலாளர் கூட்டத்தின் கைவண்ணத்தைச் சுமப்பவை என்பதும், அந்த உழைப்புக்குரிய பெயரும் ஊதியமும் உரியவரை முழுமையாகச் சேராத வரலாற்றோடு இணைத்தே அவற்றைக் கேட்கவேண்டும் என்பதும் புலனாகும்.

மிசிசிப்பியில் பிறந்த ஹூக்கர், 1940களில் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்து, பகலில் ஆலை வேலையும் இரவில் கறுப்பின மக்களின் கேளிக்கை விடுதிகளில் பாட்டுமாக வாழ்ந்தவர். கறுப்பின மக்களின் துயரிலும் உழைப்பிலும் பிறந்த ப்ளூஸ் இசையில் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு தாளப்பகுதிகள் என்பது பெருவழக்காயினும், தனியாகப் பாடும்போது அவர் அக்கணக்குக்குக் கட்டுப்படாமல், பாட்டின் உணர்வு இழுக்கும் திசையில் சுற்றை நீட்டியும் குறுக்கியும், காலால் தரையைத் தட்டியே தாளம் காத்தும் பாடினார். ‘பூம் பூம்’ பாடலிலோ முழுக்குழு உடன் வாசித்ததால் அவர் பாட்டு பன்னிரண்டு பகுதிகளுக்குள் இறுக்கமாக அமைந்தது. தலைப்பிலுள்ள ஓசையைக் குரல் தனித்து எழுப்ப, கருவிகள் ஒதுங்கி நின்று, அடுத்த கணம் கிதாரும் பேஸும் டிரம்ஸும் ஒருசேரப் பாய்ந்து ஒரு சிறு இசைத்தொடரால் அதற்கு மறுமொழி கூறுகின்றன. ஆகவே வெடிப்பு என்று செவி உணர்வது பாடகரின் அசையை மட்டுமன்று; அசைக்கும் குழுவின் நுழைவுக்கும் இடையில் நிற்கும் வெறுமையையும், அந்த நுழைவின் துல்லியத்தையும் சேர்த்தே. இத்துல்லியத்தைத் தந்தவர்களுள் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனும் டிரம்ஸ் வாசித்த பென்னி பெஞ்சமினும் தலையாயவர்கள். இருவரும் பெர்ரி கோர்டியின் மோட்டவுன் நிறுவனத்தில் வாசித்துவந்தவர்கள்.

அந்நிறுவனம் 1959இல் கோர்டி தம் குடும்பச் சேமிப்பு நிதியிலிருந்து பெற்ற 800 டாலர் கடனில் தொடங்கியது; அதற்கு முதலில் பெரும் வெற்றி தந்தது ‘மனி’ பாடல். பெஞ்சமினின் டிரம்ஸ் ஒலிக்கும் இப்பாடலும் ப்ளூஸ் சுற்றையே அடிப்படையாகக் கொண்டது. பியானோவின் கீழ்ச்சுரங்களில் உருளும் தொடர் ஓயாமல் மீண்டும் மீண்டும் வர, ஸ்ட்ராங்கின் கரகரத்த குரல் ஒரு தேவையை முன்வைக்க, துணைக்குரல்கள் அதையே திருப்பிச் சொல்லி வலுப்படுத்துகின்றன. தனியொருவரின் ஆசை இங்கே கூட்டுக்குரலாக மாறுகிறது. கூலியை நம்பி வாழ்ந்த ஒரு தொழில்நகரத்தில் இதைப் பேராசை என்று வாசிப்பது, பாடலின் அமைப்பையே கேளாமல் விடுவதாகும்.

இவ்விசையை உண்டாக்கியவர்கள் அதன் பயனை எவ்வாறு பெற்றனர் என்பதே வரலாற்றின் கனத்த பகுதி. ஹூக்கர், ஒரு நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தம் தடையாக நின்றபோது, டெக்சாஸ் ஸ்லிம் முதலான மாற்றுப்பெயர்களில் பிற நிறுவனங்களுக்குப் பாடி உடனடிப் பணம் பெற்றார். மோட்டவுன் கருவிக்கலைஞர்கள் பதிவுக் கூலிக்கு வாசித்தனர். 1960களின் இசைத்தட்டுகளில் அவர்கள் பெயர் அச்சாகவில்லை, 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பில்தான் அது முறையாக இடம்பெற்றது. ஸ்ட்ராங்கின் நிலை இன்னும் கொடியது. ‘மனி’ பாடலை இயற்றியதில் தமக்கும் பங்குண்டு என்று அவர் வாதிட்டார். தொடக்கக் காப்புரிமைப் பதிவில் இருந்த அவர் பெயர் மூன்று ஆண்டுகளில் நீக்கப்பட்டு, 1987இல் மீண்டும் சேர்க்கப்பட்டு, மறு ஆண்டே திரும்பவும் நீக்கப்பட்டது. அவர் பாடலாசிரியர் அல்லர் என்பது கோர்டி தரப்பின் நிலைப்பாடு. 1963இல் பீட்டில்ஸ் குழு அதைப் பதிவுசெய்து உலகெங்கும் கொண்டுசென்ற பின்னரும், இயற்றியோருக்குரிய உரிமைத்தொகை கோர்டியின் பெயராலும் இணைப்பாடலாசிரியர் ஜேனி பிராட்ஃபோர்டின் பெயராலுமே கணக்கிடப்பட்டது.